பாசத்தில் வெந்த பாசி

போன சனிக்கிழமை உச்சிப் பொழுதில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் இருந்த குப்பைமேடு எழுந்து நின்றது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். மேடு எழுந்தது. அதற்குள்ளிருந்து என் அம்மாவின் பெயர் வெளியே வந்தது... அதுவும் தலைகீழாக.

கொல்லிமலைக் குளிரில் இந்த அம்மாளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பூச்சியைப் பற்றி எழுதியதற்கே, "கொஞ்சம் குறைத்து அளக்கவும்" என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். இதைப் படித்தால் என்ன செய்வாரோ! ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் சௌகரியம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு வாத்தியாரைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: என் வீட்டுக்காரர் இந்தக் கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். ஹெட்மாஸ்டர் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஒரே மாஸ்டரும் அவர்தான். மணி அடிப்பதும் அவர்தான்.

கோடை லீவில் சேலத்தில் வாத்தியார்களுக்கு ஒரு முகாம் நடத்தினார்கள். அங்கே யாரோ ஒருவர், சாணத்தைக் கரைத்து மூடி வைத்தால் எரிகிற கேஸ் வரும், மிச்சம் நல்ல எருவாகும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். மற்ற வாத்தியார்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார்கள். எங்கள் வாத்தியார் மட்டும் அதை அப்படியே மண்டைக்குள் போட்டுக்கொண்டு மலை ஏறி வந்தார்.

"சரசு, இனிமே உனக்கு விறகே வேண்டாம். ஊதாங்குழல் வேண்டாம். புகையே கிடையாது!"

நான் கேட்டேன்: "ஏனுங்க, நம்மகிட்ட இருக்கிறது ஒத்தை மாடு. அது போடற சாணி வாசல் தெளிக்கவே சரியாப் போயிருதே?"

அதற்கும் பதில் வைத்திருந்தார். "சாணி கொஞ்சம் போதும். மீதிக்குப் பாசி இருக்குது!"

பள்ளிக்கூடத்துக்குக் கீழ்ப்புறம் ஒரு குட்டை. வெள்ளையம்மாளுடையது. சாமையும் மரவள்ளியும் மிளகும் போட்டு, தனி ஆளாக வெள்ளாமை பார்க்கிறவள் அவள். ஆள்தான் ஒன்று, வாய் இரண்டு ஆள் வாய். அந்தக் குட்டையில் பச்சைப் பசேலென்று நூல் நூலாகப் பாசி படர்ந்து கிடக்கும். தண்ணீர் போகிற மடையை அடைத்துக்கொள்ளும். வெள்ளையம்மாள் திட்டிக்கொண்டே ஒரு மூங்கில் கழியை விட்டுச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் எறிவாள். இடியாப்பம் மாதிரி மலை மலையாகக் கிடக்கும். வெயிலில் காய்ந்து நாறும்.

அவள் கண்ணுக்கு அது சனியன். இவர் கண்ணுக்கு அடுப்பு.

இங்கேதான் முதல் கூத்து நடந்தது. எங்கள் வாத்தியாருக்குப் புத்தகத் தமிழ்தான் வாயில் வரும். ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்ததும், "நாளை வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் வீட்டிலிருந்து ஒரு கை பாசி கொண்டு வர வேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பாசி என்றால் என்ன? பாசிப்பயறு. தண்ணீரில் படர்கிறதற்குப் பெயர் பாசம். 'படி பாசம் புடிச்சுக் கெடக்குது, பாத்து வா' என்றுதான் சொல்வோம். அன்புக்கும் பாசம்தான், வழுக்கலுக்கும் பாசம்தான்! இரண்டிலும் காலை விட்டவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

மறுநாள் பள்ளிக்கூட மேஜை மேல் குட்டிக் குட்டியாகப் பயறு மூட்டைகள். ஒரு வீட்டிலிருந்து கழுத்தில் போடுகிற பாசிமணி மாலை வந்திருந்தது. பயறு இல்லாத வீடு போலிருக்கிறது, பாவம். வெள்ளையம்மாளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கிடையாது. ஆனாலும் விஷயத்தைக் கேள்விப்பட்டு, ஒரு படி பாசிப்பயறை முறத்தில் வைத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"வாத்தியாரூட்டம்மா, ஊட்டுல பயறுக்குக் கூடக் கஷ்டமுங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? புள்ளைங்ககிட்டப் போயிக் கேட்டுட்டாரே வாத்தியாரு!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவர் நடுவில் வந்து, "இதில்லைம்மா, உங்க குட்டையில இருக்கிற பாசி" என்றார்.

"அது பாசமுங்க, சாமி! பாசம்னு சொல்ல வேண்டியதுதானே? வேணுங்கறத வாரிக்குங்க. அது கெடக்குது கழுதை!"

பிள்ளைகள் வீட்டுப் பயறெல்லாம் அன்று சாயங்காலமே அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போனது. வெள்ளையம்மாள் மட்டும் கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஆனால், பாசம் சும்மா வருமா? என்ன ஏது என்று விசாரித்து, கேஸ் போக மிச்சம் எருவாகும் என்று தெரிந்ததும் உடனே ஒப்பந்தம் பேசினாள். பாசம் அவளுடையது, எருவும் அவளுக்கு. நடுவில் வருகிற காற்றை வாத்தியார் வைத்துக்கொள்ளலாம்.

"காத்து எனக்கு வேண்டாமுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னாள்.

இவர் உடனே குட்டையில் பாசி வளர்க்கவே ஆரம்பித்துவிட்டார். சாம்பலைத் தூவுவார். மாட்டு மூத்திரத்தைக் கலந்து ஊற்றுவார். வெள்ளையம்மாள் கரையில் நின்றுகொண்டு, "நான் வேண்டாம்னு வழிச்சு எறியறத, இந்த மனுசன் சோறு போட்டு வளக்கறாரே!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அதோடு நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

புழக்கடையில் வட்டமாகக் குழி வெட்டி, கல் அடுக்கி, களிமண் பூசியாயிற்று. குழியில் கரைசலை ஊற்றி, அதன் மேல் ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து மிதக்க விட வேண்டுமாம். கேஸ் சேரச் சேர அந்தப் பாத்திரம் மேலே எழும்புமாம். அத்தனை பெரிய பாத்திரத்துக்கு எங்கே போவது? தகர டிரம்மை இந்த மலைக்கு யார் சுமந்து வருவார்கள்? கெரசின் டின்னே அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தலைச்சுமையாகத்தான் ஏறி வருகிறது.

இவர் வீட்டுக்குள் வந்து, அண்ணாந்து பரணைப் பார்த்தார்.

பரண் மேல் இருந்தது என் அண்டா.

பித்தளை அண்டா. கல்யாணத்தில் அம்மா கொடுத்த சீர். எருமைத் தயிரை ஊர் ஊராகக் கொண்டு போய் விற்றுச் சேர்த்து வாங்கியது. இடுப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'பாவாயி' என்று தன் பெயரையே வெட்டச் சொல்லியிருந்தாள். "உம் பேரு எதுக்கு? நாளைக்கு இது யாரு குடுத்துதுன்னு ஊருக்குத் தெரியோணுமில்ல?" என்றாள். அம்மா இப்போது இல்லை. அவள் கையால் கொடுத்ததில் இந்த வீட்டில் மிச்சமாக இருப்பது அது ஒன்றுதான்.

என் அண்ணனுக்கு ஒரு பழக்கம். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி என்னைப் பார்க்க வந்தால், செருப்பைக் கழற்றியதும் நேராகப் பரணுக்குக் கீழே போவார். விரல் முட்டியால் அண்டாவைத் தட்டுவார். 'டங்ங்ங்' என்று வீடெல்லாம் கேட்கும். "நல்லா இருக்குது" என்பார். பிறகுதான் தண்ணீர் குடிப்பார். அண்டா நன்றாக இருந்தால் தங்கை நன்றாக இருக்கிறாள் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அப்படிப்பட்ட அண்டாவைச் சாணிக் கரைசலில் கவிழ்ப்பதா? முடியாது என்று ஒரே வார்த்தையில் சொன்னேன்.

ஆனால் ஐப்பசி வந்ததும் மலையில் மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதி, கண் எரிந்து, மூக்கு எரிந்து, கஞ்சி வைத்து இறக்குவதற்குள் அழுது முடித்த முகம் மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் அடுப்படியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, இவர் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அண்டாவுல ஓட்டை போட மாட்டேன். சத்தியம். டியூபைக் கீழ் வழியாவே விட்டு மேலே கொண்டு போயிருவேன்."

புகையில் நனைந்திருந்த கண்ணோடு தலையை ஆட்டிவிட்டேன். பெண்டாட்டியிடம் எதைக் கேட்டாலும் அவள் அடுப்பு ஊதும்போது கேட்க வேண்டும் என்று இந்த மனுஷனுக்கு எந்த முகாமில் சொல்லிக் கொடுத்தார்களோ!

விஞ்ஞானம் வளர்வது ஆண்பிள்ளைகளின் மூளையில் என்கிறார்கள். வளரட்டும். ஆனால் அது உட்காருவதென்னவோ பெண்பிள்ளைகளின் பாத்திரத்தில்தான்.

பாசியை நறுக்கி, சாணத்தோடு கரைத்து ஊற்றி, அண்டாவைக் கவிழ்த்தார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிய பழைய ரப்பர் டியூபை அண்டாவின் விளிம்புக்குக் கீழே நுழைத்து, உள்ளே ஒரு மூங்கில் குச்சியில் உயர்த்திக் கட்டினார். டியூபின் மறுமுனை ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் வந்து, கெரசின் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டவ்வின் பர்னரில் முடிந்தது. நடுவில் நூல் போட்டு ஒரு கட்டு.

பிறகு காத்திருந்தோம்... காத்திருந்தோம்... முதலில் கொஞ்சம் எழும்பியது. தீக்குச்சியைக் காட்டினால் புஸ் என்று அதையே அணைத்தது. முதலில் வருவது எரியாது, அதைத் திறந்து விட்டுவிட வேண்டும் என்றார். விட்டோம். அப்புறம் அண்டா அசையவே இல்லை.

"குளிருக்கு உள்ளே இருக்கிற கிருமியெல்லாம் தூங்குது சரசு."

"நீங்களும்தான் தூங்கறீங்க. யாராச்சும் ஒருத்தர் எந்திரிங்க."

ஒரு தடவை அண்டாவைத் தூக்கிக் கரைசலைக் கிளறினார். அப்போது உள்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்பு! தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த பித்தளை, உள்ளே அட்டக் கரியாக இருந்தது. நான் அன்று முழுவதும் இவரோடு பேசவில்லை. இவரும் பேச்சு வேண்டும் என்று கேட்கவில்லை. அவ்வளவு பயம்.

இந்த லட்சணத்தில்தான் சந்தைக்குப் போய்விட்டு வந்த ஒருவர் சேதி கொண்டு வந்தார். மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை அண்ணனும் நங்கையும் வருகிறார்கள். (எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்போம்.) மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தங்கையை நேரில் அழைக்க வருகிறார்களாம்.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். மறுபக்கம் பரண் ஞாபகம் வந்தது. பரண் காலியாக இருந்தால் என்ன நினைப்பார்கள்? சீர்ப் பாத்திரம் வீட்டில் இல்லையென்றால் ஊர் கேட்கிற முதல் கேள்வி என்ன? 'எந்தக் கடையில் வச்சிருக்குது?' வாத்தியார் சம்பளத்தில் குடும்பம் நடக்கவில்லை, அம்மா கொடுத்ததை அடகு வைத்துவிட்டாள் என்று ஆகிவிடும். சரி, உள்ளதைச் சொல்லலாம் என்றால்... அம்மாவின் பெயர் சாணிக் குழியில் தலைகீழாகக் கிடக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? நீங்களே சொல்லுங்கள், அடகுக் கடை கௌரவமா, சாணிக் குழி கௌரவமா?

தூக்கிக் கழுவி வைத்துவிடலாம் என்று பார்த்தால், கறுப்பு போகாது. நங்கையின் கண்ணுக்கு அது தப்பவே தப்பாது.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மறைத்துவிடுவது. குழியைச் சுற்றிலும், அண்டாவின் மேலும், கையில் கிடைத்ததையெல்லாம் போட்டேன். கரையில் மிச்சம் கிடந்த பாசி, கேழ்வரகுத் தாள், மாட்டுக்கொட்டிலைக் கூட்டிய குப்பை, இலை தழை. கூடை கூடையாகக் கொட்டி, நடு நடுவே சாணியும் தெளித்து, அசல் எருமேடு போலவே ஆக்கினேன். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வெள்ளையம்மாளிடம் மட்டும், "உங்களுக்குத்தான் எரு போட்டு வச்சிருக்கேன்" என்றேன். அது பொய்யும் இல்லை.

இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. விடிகாலையில் மேட்டிலிருந்து ஆவி பறந்தது. மலையில் எதிலிருந்துதான் ஆவி பறக்கவில்லை? அதை யார் கவனித்தது!

சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அண்ணன் 'அண்டா எங்க மாப்ள?' என்று ஒரு வார்த்தை கேட்டால் கையைப் பிடித்துக் குழிக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால், "குட்டையில பாசம் நிறைய வந்திருக்குதாம், போங்க" என்று காலையிலேயே விரட்டிவிட்டேன். குஷியாகப் போனார்.

அண்ணனும் நங்கையும் தூறலில் நனைந்து, கல்லுப் படியில் கால் வலிக்க ஏறி வந்து சேர்ந்தபோது உச்சிப் பொழுது. நங்கை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "பசி காதை அடைக்குது சரசு. மொதல்ல சூடா எதாச்சும் குடு சாமி" என்றாள்.

அடுப்பில் விறகு வைத்து ஊதினேன். புகை வந்தது. இன்னும் ஊதினேன். இன்னும் புகை வந்தது. தீ மட்டும் வரவில்லை. பானையில் இரவு ஊற வைத்த பாசிப்பயறு அப்படியே இருந்தது. வெள்ளையம்மாள் கொடுத்த அதே பயறு.

முன்னறையில் அண்ணனின் காலடிச் சத்தம் கேட்டது. பரணை நோக்கிப் போகிறது. நின்றது. 'டங்' சத்தத்துக்குப் பதிலாக ஒரு பெரிய அமைதி.

"ஏனுங்க, பரண் காலியா இருக்குதே!" நங்கையின் குரல்.

அண்ணன் அடுப்படிக்கு வந்தார். புகைக்குள் என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர். அது புகையால் வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து, நங்கைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"கஷ்டம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு? எந்தக் கடையில இருக்குதுன்னு சொல்லு. போறப்போ மீட்டுக் குடுத்துட்டுப் போறேன். மாப்ளகிட்ட நான் ஒண்ணும் கேக்கல."

இப்போது வந்த தண்ணீர் புகையால் வந்ததில்லை. மகள் கல்யாணத்தைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிற மனுஷன், என் அண்டாவை மீட்டுத் தருகிறேன் என்கிறார். இனி மறைக்கக்கூடாது. சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன்...

"வாத்தியாரூட்டம்மா! ஓடியாங்க! உங்கூட்டுக் குப்ப எந்திரிக்குதுங்கோ!"

வெள்ளையம்மாள்தான். எருவை அள்ளிப் போகக் கூடையோடு வந்திருக்கிறாள். மேலே இருந்த தாளையும் குப்பையையும் நாலு கூடை வழித்திருக்கிறாள். அவ்வளவுதான், பாரம் குறைந்ததும் மேடு 'முக்'கென்று எழுந்திருக்கிறது.

எல்லாரும் ஓடினோம். எங்கள் கண் முன்னாலேயே மேடு மூச்சு இழுத்தது. தாள் சரிந்தது. பாசி சரிந்தது. ஆவி பறக்கிற குப்பைக்கு நடுவிலிருந்து பித்தளை அண்டா மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, வயிறு தெரிய எழும்பி நின்றது. அழுக்கு வழிந்ததும் எழுத்து தெரிந்தது.

அண்ணன் கழுத்தைச் சாய்த்து, இன்னும் சாய்த்து, கிட்டத்தட்டத் தலைகீழாக நின்று படித்தார். "பா... வா... யி." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா இவர் வர வேண்டும்? வேட்டி முழங்காலுக்கு மேல், உடம்பெல்லாம் ஈரம், இரண்டு கையிலும் பாசி தொங்க வந்தார். மச்சானை 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து நின்ற அண்டாவைப் பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே போட்டார். மேட்டுக்குள் கையை விட்டார்.

"சரசு! கொதிக்குது! எருவு சூட்டுலதான் குழி சூடாயிருக்குது! நீ மூடி வச்சதுதான்..." என்று கத்தினார். அப்புறம்தான் மச்சானைப் பார்த்தார்.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "ஓட்ட போட்டீங்களா மாப்ள?"

"இல்லீங்க மச்சான். ஒரு ஊசி முனை கூட இல்லீங்க. சரசுகிட்டச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்."

அண்ணன் மூச்சை விட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்ப எரியுமா?" என்றார்.

இதுதான் சரியான கேள்வி! எரிந்தால் அண்டாவுக்கு மரியாதை. எரியாவிட்டால் அம்மாவின் சீரைச் சாணியில் முக்கின கதையாகவே காலத்துக்கும் நின்றுவிடும். நங்கை நாளைக்கு மலையிறங்கியதும் சொந்தக்காரர் வீடு வீடாகச் சொல்லுவாள். நான் பயந்தது அவளுக்குக்கூட இல்லை. அண்ணன் இனிமேல் என் வீட்டுக்கு வந்து எதைத் தட்டுவார்?

அடுப்படிக்கு ஓடினோம். டியூபில் கட்டிய நூலை அவிழ்த்தார். கொஞ்சம் வெளியே விட்டார். ஜன்னலைத் திறந்து வைத்தார். தீக்குச்சியைக் கிழித்தேன். ஈரக் குச்சி. உடைந்தது. இரண்டாவதைக் கிழித்துப் பர்னரிடம் கொண்டு போனேன்.

'பப்' என்று ஒரு சத்தம்.

நீலமாகப் பூத்தது. சத்தமில்லை, புகையில்லை. பர்னரைச் சுற்றி வட்டமாக, ஊதாமலே எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் சிறு பிள்ளை மாதிரி கை தட்டினேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளையம்மாள் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். "இது எங்க சேத்து வயல்ல ராத்திரியில எரியுமே, அந்தக் கொள்ளிவாய்ப் பேயில்லீங்களா? அதப் புடிச்சாந்தா அடுப்புல கட்டிட்டீங்க?"

"அதேதான் வெள்ளையம்மா! அதேதான்!" என்றார் இவர், பரம சந்தோஷமாக.

"நல்லா இருக்குது போங்க. பேய் வந்து பயறு வேக வைக்குது!"

பானையை ஏற்றினோம். அடுத்த கவலை, பயறு வேகிற வரைக்கும் கேஸ் தாங்குமா? அண்டா முழுக்க இருந்தாலும் அது ஒரு அண்டாதானே? அண்ணன் தானாகவே புழக்கடைக்குப் போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அண்டா இறங்க இறங்க அங்கிருந்து சத்தம் போட்டார்.

"அம்மா பேருக்குக் கீழ ஒரு சாண் இருக்குது!"

இங்கே நங்கை பசியை மறந்து பானையைக் கிளறினாள். "இன்னும் வேகுலீங்க!" என்று பதில் குரல் கொடுத்தாள்.

"பேருக்குக் கீழ நாலு வெரக்கடை!"

"கொதி வந்திருச்சுங்க!"

"எழுத்து கால்வாசி முழுகிருச்சு!"

"ஒண்ணு ரெண்டு ஒடையுதுங்க! கொஞ்சம் புடிச்சுக்குங்க!"

எதைப் பிடித்துக்கொள்வது? அண்ணன் நிஜமாகவே குனிந்து அண்டாவின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று இவர் பிறகு சொன்னார். பெயர் முழுகிக் கொஞ்ச நேரத்தில் நீலம் சுருங்கியது, மினுக்கியது, போய்விட்டது. நங்கை ஒரு பயறை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாள். மசிந்தது.

உப்பும் தேங்காயும் போட்டு, எல்லாருக்கும் இலையில் வைத்தேன். நங்கை சுத்தக்காரி. ஈ உட்கார்ந்த தட்டைக்கூட மறுபடி கழுவுகிறவள். சாணியிலும் பாசியிலும் வந்த தீயில் வெந்ததைத் தொடுவாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூக்கருகில் கொண்டு போனாள். மோந்தாள். வாயில் போட்டாள்.

"பொகை நாத்தமே இல்லியே!" என்றாள். இன்னொரு கை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே எல்லாருக்கும் சேர்த்து ஒரு தீர்ப்புச் சொன்னாள். "அன்னைக்கு வாத்தியாரு பாசி கேட்டாரு, பாசியக் குடுத்தேன். அப்புறம் பாசம்னாரு, பாசத்தையும் குடுத்தேன். இன்னைக்குப் பாசத்துல பாசி வெந்து போச்சு. எல்லாம் எம்பட பொருளு. அதனால அந்த எருவு மேட்ட நான் முழுசா எடுத்துக்குவேன், ஆமா!"

அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அன்று இரவு தங்கினார்கள். அவ்வளவு அவசரம் காட்டினாலும், வெள்ளையம்மாள் அண்டாவைச் சுற்றியிருந்த எருவைத் தொடவில்லை. "குளுருக்குப் போத்தி உட்டது. அது கடைசில" என்று ஓரத்திலிருந்தே அள்ளினாள். கறுகறுவென்று, கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. மிளகுக் கொடிக்குப் போடப் போகிறாளாம். வாய் பேசினாலும் மனசு இருக்கிறது.

இவர் மச்சானுக்கு விடிய விடியக் கேஸ் பாடம் நடத்தியிருக்கிறார் போலிருக்கிறது. காலையில் காப்பி குடிக்கும்போது அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்: "ஏம்புள்ள, நம்மூட்டுப் பரண் மேல கூட ஒரு அண்டா சும்மாத்தானே கெடக்குது..."

நங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். "அது எங்கம்மா எனக்குக் குடுத்தது. தொட்டுப் பாருங்க தெரியும்!"

அண்ணன் பேச்சைக் கல்யாணத்துக்கு மாற்றினார். நங்கை எனக்குக் குங்குமம் வைத்து முறைப்படி அழைத்தாள். பரண் காலியாக இருப்பதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

புறப்படும்போது அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு எதையோ மறந்தவர் மாதிரி திரும்பி, புழக்கடைப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். ராத்திரியில் அண்டா மறுபடியும் எழும்பியிருந்தது. தலைகீழாக அம்மா பெயர் தெரிந்தது. அண்ணன் குனிந்து, விரல் முட்டியால் தட்டினார்.

'டங்' என்று கேட்கவில்லை. 'தொம்' என்று ஒரு சத்தம். அடங்கின, கனமான சத்தம்.

இத்தனை வருஷமாகப் பரண் மேலே டங் டங் என்று கேட்டதெல்லாம் காலி அண்டா என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. அண்ணன் கொஞ்ச நேரம் அப்படியே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"நெறஞ்சிருக்குது கண்ணு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எல்லாம் சரி... உள்பக்கம் கறுத்துப்போனதை மட்டும் நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால், தயவு செய்து இந்த வாரத்தை மட்டும் அவருக்கு இரவல் கொடுக்காதீர்கள்!